அடியில் ஒரு வாய் காபி

டம்ளரைக் கழுவிவிட்டோம் என்று பகலவனுக்கு நினைவு வந்தபோது அவன் விமான சாகச நிகழ்ச்சியில் விமானிகளின் குடும்பத்தாருக்கென்று போட்டிருந்த பந்தலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வானத்தில் இன்னும் ஒன்றும் இல்லை. ஓடுபாதைக்கு மேல் கானல் நெளிந்தது. அதற்கும் அப்பால் மேற்கு மலை, நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில் படுத்துக் கிடந்தது. பந்தல் துணி மஞ்சள், அதனால் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் காமாலை கண்டதுபோல முகம். கழுவினோமா? கழுவினோம். தேய்த்து, அலசி, கவிழ்த்தும் வைத்தோம். விரல் நுனியில் குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் இருப்பதுபோல இருந்தது. விமானிகளின் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. பறக்கப் போகிறவர் காலையில் குடிக்கும் காபியிலோ டீயிலோ கடைசி ஒரு வாயை மிச்சம் வைத்துவிட்டுப் போவார். வீட்டில் இருப்பவர் அந்த டம்ளரைத் தொடக் கூடாது. போனவர் தரையிறங்கி, போனில் குரல் கேட்ட பிறகுதான் கழுவலாம். யார் ஆரம்பித்ததோ தெரியாது. யாரும் இதைப் பற்றி வாய் திறந்து பேசுவதும் இல்லை. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்பு மேடை ஓரத்தில் ஒரு கோப்பை, ஈ மொய்த்துக்கொண்டு, காத்திருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டு விசாலிதான் இதை அவன் காதில் போட்டாள். “நம்பணும்னு ஒண்ணும் இல்லண்ணா. ஆனா கழுவிடாதீங்க” என்றாள். அவளுடைய புருஷனும் விமானி. இதோ, இப்போதும் பக்கத்து நாற்காலியில் தொப்பியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டில் டம்ளர் அப்படியே இருக்கும். இந்தப் பந்தலில் இருக்கிற அத்தனை பேர் வீட்டிலும் இருக்கும். அவன் வீட்டில் மட்டும் பளபளவென்று கவிழ்ந்து கிடக்கிறது.

அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஈரோட்டில் அந்தத் தெருவிலேயே ராகுகாலம் பார்த்து வெளியே கிளம்பும் ஒரே மனிதர் அவர்தான். நல்ல நேரத்தில் கிளம்பிவிட நேர்ந்தால் கொஞ்சம் நின்று, சட்டையை மாற்றிக்கொண்டு, ராகுகாலம் வந்ததும் செருப்பை மாட்டுவார். பூனை குறுக்கே போனால் நின்று அதைக் கொஞ்சிவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் பெற்று, பகலவன் என்று பெயரும் வைத்து, கேள்வி கேட்டு வளர்த்த பிள்ளை, முப்பத்தெட்டு வயதில், நகரத்தில் நாலு பேர் மதிக்கும் பல் டாக்டர், ஒரு எவர்சில்வர் டம்ளரை நினைத்துப் பயந்து உட்கார்ந்திருக்கிறான். முதலில் அவனும் சிரித்தவன்தான். விசாலி சொன்ன அன்றே, மனைவி ஜெனிட்டா பறக்கக் கிளம்பின கையோடு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தவன். மறுநாளும் கழுவினான். பிறகொரு நாள் மழை மேகத்தால் அவள் வேறு தளத்தில் இறங்க வேண்டியிருந்தது, போனும் எடுக்கவில்லை, அவன் சமையலறையில் நின்றுகொண்டே பொழுதைக் கழித்தான். அன்றைக்கு ஏதோ சோம்பலில் கழுவாமல் விட்ட டம்ளர் மேடையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றது மட்டும் நினைவு இருக்கிறது. சாயந்திரம் அவள் குரல் கேட்டதும் ஓடிப்போய்க் கழுவினான். அதற்குப் பிறகு அவள் குரல் கேட்கும் முன் ஒருநாளும் கழுவியதில்லை. நம்பிக்கை இல்லை, பழக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஜெனிட்டா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, கருப்பட்டிக் காபி இல்லாமல் பொழுது விடியாது. கருப்பட்டிக்கு எறும்பு வரும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டம்ளரை வைத்தான், அகழி வெட்டின மாதிரி. அப்பாவின் படம் அந்த மேடைக்கு நேர் எதிரே இருந்தது. அதைக் கூடத்துக்கு மாற்றினான். ஜெனிட்டா எல்லாவற்றையும் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்து தட்டையும் டம்ளரையும் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போவாள். அவ்வளவுதான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. இந்தியில், ஆங்கிலத்தில், கடைசியாகத் தமிழில், வரவேற்கிறோம் வரவேற்கிறோம் என்றது. கிழக்கிலிருந்து ஹெலிகாப்டர்கள் கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு மெதுவாக வந்தன, கீழே குழந்தைகள் கத்தின. பகலவன் வாயைத் திறந்து மேலே பார்த்தான், பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது காலை. விடிந்தும் விடியாமலும் அவள் எழுந்து, சீருடை போட்டு, தலையை இழுத்துப் பின்னி, காபியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “நேத்தே சொல்லணும்னு இருந்தேன். எனக்கு அந்தப் பயிற்சி கிடைச்சிட்டு” என்றாள். சோதனை விமானிப் பயிற்சி. கடல் தாண்டி, ஒன்றரை வருஷம். முடித்து வந்தால் யாரும் இதுவரை ஓட்டாத விமானங்களை முதலில் மேலே கொண்டுபோய், அது என்னென்ன செய்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. எந்த இடத்தில் கைவிடுகிறது. அவள் அதைச் சொன்னபோது கண் மின்னிற்று. “இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள பதில் சொல்லணும். நீங்க வேண்டாம்னா நான் வேண்டாம்னு சொல்லிருதேன். பிற்பாடு சொல்லிக்காட்ட மாட்டேன். யோசிச்சு, ஷோ முடிஞ்சதும் சொல்லுங்க.” யோசிக்க என்ன இருக்கிறது? அவள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே, வேண்டாம் என்று அவன் முடிவு செய்துவிட்டிருந்தான். இப்போதே அவள் பறக்கும் நாளில் அவனால் ஒரு பல்லை ஒழுங்காகப் பிடுங்க முடிவதில்லை. அவள் ஒரு வாயை மிச்சம் வைத்து எழுந்தாள், அவன் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாசலுக்குப் போனாள். அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான், தட்டில் வைக்கத்தான் வந்தான். ஆனால் குழாயைத் திறந்துவிட்டது யார்? எப்படி வேண்டாம் என்று சொல்வது, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவன் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கை தன் பாட்டுக்கு வேலை பார்த்துவிட்டது. பதினைந்து வருஷமாக நோயாளிகளின் ஒவ்வொரு வாய்க்குள்ளும் நுழைந்து வந்ததும் கழுவிப் பழகிய கை. எதைக் கொடுத்தாலும் கழுவும். அந்தக் கடைசி வாய் பழுப்பாகச் சுழன்று குழிக்குள் இறங்கியதை அவன் கண் பார்த்திருக்கிறது, மனசு பார்க்கவில்லை. மனசு இப்போதுதான் பார்க்கிறது.

“அண்ணா, மஞ்சள் பிளேன்” என்று விசாலி முழங்கையால் இடித்தாள். பழைய பயிற்சி விமானம் ஒன்று, வாழைப்பழ நிறத்தில், தும்மலும் இருமலுமாகப் போயிற்று. அதன் வயது தாத்தா வயது என்று ஒலிபெருக்கி பெருமைப்பட்டது. அதன் சத்தத்தில் ஏதோ தூக்கம் கலந்திருந்தது. அவன் கிளினிக்கில் மதிய வேளையில் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தத்தில்தான் ஜெனிட்டா முதன்முதலில் அவன் நாற்காலியில் வந்து படுத்தாள். பல் வலி, ஆனால் தரையில் வலிக்கவில்லை, மேலே போனால் வலிக்கிறது என்றாள். மேலே என்றால் மாடியிலா என்று கேட்டான். அவள் வாயில் கண்ணாடியை வைத்திருந்ததால் சிரிக்க முடியாமல் கண்ணால் சிரித்தாள். யாரோ அவசரத்தில் அடைத்த பல், அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே ஊசிமுனை அளவு காற்று சிக்கிக்கொண்டிருந்தது. உயரே போகப் போக வெளியே காற்று இளைக்கும், உள்ளே சிக்கின காற்று விரிந்து நரம்பை முட்டும். அவன் பழைய அடைப்பை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, மறுபடி அடைத்தான். மற்ற டாக்டர்களுக்கு அரை மணி வேலை. அவனுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. பகலவனின் மெதுவைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. கல்யாணப் பந்தியில் அவன் ரசத்துக்கு வரும்போது அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த மெதுவில் அவள் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனாள். எழுந்ததும், “இவ்வளவு மெதுவா ஒரு ஆள் என்னைத் தொட்டதே இல்ல டாக்டர், எனக்கு எல்லாமே ஓட்டம்” என்று சொல்லிவிட்டுப் பணம் கட்டாமல் போய், மறுநாள் கட்ட வந்தாள், அதற்கு அடுத்த நாளும் எதற்கோ வந்தாள். அவள் நடை காற்று. சாலையில் இருவரும் போனால் அவள் பத்தடி முன்னால் போய், திரும்பிப் பார்த்து, நின்று, அவன் வந்து சேர்ந்ததும் தன் நடையைச் சுருக்கிக்கொள்வாள். குதிரையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிற மாதிரி தன் கால்களைப் பிடித்து நிறுத்துவாள். அவனுக்காக. அவனுக்கு அது எவ்வளவு பிடிக்கும்! உலகத்தில் யாருக்காகவும் வேகத்தைக் குறைக்காதவள் எனக்காகக் குறைக்கிறாள் என்று உள்ளுக்குள் கொழுத்துப் போவான். அந்தக் கொழுப்பு இன்னும் அவனிடம் இருக்கிறது, மார்புக்குள் வெதுவெதுப்பாக. அதன் மேல்தான் டம்ளர் கவிழ்ந்து கிடக்கிறது.

மேகம் ஒன்று சூரியனுக்குக் குறுக்கே வந்தது. பந்தலின் மஞ்சள் அணைந்தது, எல்லோரும் சொந்த முகத்துக்கு வந்தார்கள். “இப்போது” என்று ஒலிபெருக்கி இழுத்தது, “பழமையும் புதுமையும் கைகோத்து.” விசாலி விசிறுவதை நிறுத்தினாள். அந்தப் பழமையை ஓட்டுவது அவள் புருஷன். கிழக்கே முதலில் தெரிந்தது நடுவில் இருந்த டகோட்டாதான், பெரிய வயிறும் இரண்டு காற்றாடியுமாக. அப்பா பிறப்பதற்கு முன்பே பிறந்த விமானம். அதற்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு ஜெட். இடது பக்கம் ஜெனிட்டா. பத்து நாளைக்கு முன் சாப்பாட்டு மேசையில் அவள் இதைக் காட்டினாள். குழம்புக் கரண்டி டகோட்டா, இரண்டு பக்கமும் டீஸ்பூன். “இது முழு மூச்சைப் பிடிச்சு வரும், எங்களுக்கு அது நடை. அதுகூட சேந்து போகணும்னா நாங்க எங்க வேகத்தை எல்லாம் விழுங்கிட்டு, மூக்கைத் தூக்கிட்டு, தவழ்ந்து போகணும்.” அவன் குழம்புக் கரண்டியைத் தொட்டு, “பாவம், வயசான பிளேனு, வழியில நின்னுபோச்சுன்னா?” என்றான். “அது நிக்காது. அது அதோட வேகத்துல போவுது, அதுக்கு என்ன வந்துச்சு? ஆபத்து எங்களுக்குலா. ஜெட் வேகமா போனா ஒண்ணும் ஆகாது. மெதுவா போனாத்தான் விழும். இதுக்குக் கீழன்னு ஒரு அளவு இருக்கு, அதைத் தாண்டிட்டா காத்து தாங்காது, அப்படியே விட்டுரும்.” டீஸ்பூனை விட்டாள். அது தட்டில் விழுந்து குழம்பு தெறித்தது, அவன் உடனே துணி எடுத்துத் துடைத்தான். அப்போது அது அவனுக்குப் பாடம். எட்டாம் வகுப்பு விஞ்ஞானம். தலையாட்டிவிட்டு மேற்கொண்டு சோற்றைப் பிசைந்தான். இப்போது அது தலைக்கு நேரே வந்துகொண்டிருந்தது. மூன்றும் ஒரே கயிற்றில் கட்டினாற்போல் வந்தன. டகோட்டாவின் சத்தம் கொழகொழவென்று, வயல்காட்டில் பம்பு செட்டு ஓடுவதுபோல். ஜெட்டுகள் மூக்கை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, நீர் தேங்கிய சந்தில் புடவையைத் தூக்கிப் பிடித்து நடப்பவர்களைப்போல் அடி வைத்து வந்தன. கூட்டம் மொத்தமும் அட அட என்றது. என்ன அழகு. எல்லாம் கனவில் நடப்பதுபோல நின்று நின்று நகர்ந்தது. அவனுக்குத் தன் தெரு நினைவு வந்தது, சாயங்கால வெளிச்சம், வேப்பம்பூ, பத்தடி முன்னால் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜெனிட்டா. வா, மெதுவாக வா, நான் நிற்கிறேன். அவன் கால் அங்கே நடக்கிறது. அவள் தன் நடையைச் சுருக்குகிறாள், இன்னும் சுருக்குகிறாள், இன்னும். போதும், இதற்கு மேல் சுருக்காதே அம்மிணி. அவன் உதடு உண்மையிலேயே அசைந்தது. சுருக்காதே.

இடது ஜெட் தாழ்ந்தது. முதலில் கண்ணின் குற்றம் என்று நினைத்தான். இல்லை, தாழ்ந்தது. ஒரு இறக்கை சற்றே சரிந்தது, கயிறு அறுந்தாற்போல் அது வரிசையிலிருந்து ஒரு ஆள் உயரம், ஒரு வீட்டு உயரம் கீழே நழுவிற்று. ஒலிபெருக்கி பேச்சை விட்டது. அந்த மௌனத்துக்குள் டகோட்டாவின் கொழகொழ மட்டும் கேட்டது. அவன் கையில் தண்ணீர் ஓடியது. குழாய்த் தண்ணீர், பழுப்பாகச் சுழன்று, குழிக்குள். எடுத்துவிடலாம், அந்தத் தண்ணீரைத் திரும்ப எடுத்துவிடலாம், இப்போதே வீட்டுக்கு ஓடி டம்ளரை நிமிர்த்தி, கருப்பட்டி கரைத்து, ஒரே ஒரு வாய் ஊற்றி வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. அப்பா, நீங்கள் சிரிக்காதீர்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் எதையும் நம்பவில்லை, நான் பயப்படுகிறேன், இரண்டும் வேறு. ஜெனி, ஜெனி, விழுந்துவிடாதே. வேண்டாம் என்று சொல்ல இருந்தேன், சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை, அதை நீ கேட்காமலே… விசாலியின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அது நோகிறது என்பதை அவன் வேறு யாருக்கோ நோவதாக உணர்ந்தான். தாழ்ந்த ஜெட்டின் பின்னால் ஒரு நெருப்பு மலர்ந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது, நெஞ்சாங்கூட்டை உள்ளிருந்து அறைகிற சத்தம். பந்தல் துணி உதறிக்கொண்டது. ஜெட் மூக்கைத் தாழ்த்தி, இடப்பக்கம் விலகி, வரிசையை அப்படியே விட்டுவிட்டு, ஒரே பாய்ச்சலில் மலைப் பக்கம் போய், அங்கிருந்து நெட்டுக்குத்தாக வானத்துக்குள் ஏறிற்று. ஏறி ஏறி, மேகத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியாக, பிறகு புள்ளியும் இல்லாமல். கூட்டம் கைதட்டியது. அவர்களுக்கு அதுவும் வேடிக்கையில் சேர்த்தி. பகலவன் மட்டும் மேலே பார்க்காமல் அந்தக் கிழட்டு டகோட்டாவைப் பார்த்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கம் காலியாக இருந்தது. அது தன் வேகத்தில், தன் சத்தத்தில், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு என்னென்னவோ பறந்தன. வால் நுனியில் மூவண்ணப் புகை விட்டார்கள், அந்தப் புகை மெல்லக் கலைந்து ஒரே சாம்பலாகி, வெகுநேரம் தலைக்கு மேல் நின்றது. போன் வரவில்லை. சட்டைப் பையில் அதன் கனம் மட்டும் இருந்தது. டகோட்டா இறங்கிவிட்டது என்று விசாலிக்குப் போன் வந்தது. அவள் பேசிவிட்டு அவனைப் பார்த்து, கேட்காத கேள்விக்குப் பதிலாக, “அவங்களும் எறங்கிட்டாங்களாம்ணா” என்றாள். அவன் தலையாட்டினான். நம்பினானா என்று கேட்டால், அவனுக்கு நம்பத் தெரியவில்லை. சிக்கின காற்று பல்லுக்குள் விரிகிறது, நரம்பை முட்டுகிறது, அவ்வளவுதான் தெரிந்தது. பிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்து மூடினான். காபியில் சுக்கு கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டேனோ என்று ஒரு கவலை எங்கிருந்தோ வந்து, பெரிய கவலையின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. வெயில் திரும்பிற்று. மறுபடி எல்லோர் முகத்திலும் மஞ்சள். அந்த மஞ்சளுக்குள், பந்தலின் அந்தக் கோடியிலிருந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு, வேகவேகமாக ஒரு நடை வந்தது. அவனுக்குப் பத்தடி முன்னால் நின்றது.

ஜெனிட்டாவின் தலைமுடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கன்னத்தில் முகமூடி அழுத்திய தடம். “போனு உள்ள கிடக்கு, அதான் நேர வந்துட்டேன்” என்றாள். “பயந்துட்டீங்களா?”

“இல்ல” என்றான் பகலவன்.

“அய்யோ, பாருங்க இதை” என்று விசாலி தன் மணிக்கட்டைத் தேய்த்துக் காட்டினாள். பிடித்திருந்தது அவள் இல்லை, இவன்தான் போலிருக்கிறது. “ஜெனி, இனிமே எனக்குப் பக்கத்துல இவரை உக்கார வைக்காத.” சிரித்துக்கொண்டே தன் புருஷனைத் தேடி எழுந்து போனாள்.

ஜெனிட்டா விசாலியின் நாற்காலியில் விழுந்து காலை நீட்டினாள். அவன் பிளாஸ்கின் மூடியில் காபியை ஊற்றிக் கொடுத்தான். அவள் குடித்தாள்.

“கீழ போனியே அம்மிணி.”

“மேக்கு மலைக் கணவாய்க் காத்து ஒரு தட்டு தட்டுச்சு. வேகம் செத்துட்டு. அங்கேயே பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தா எறக்கிருக்கும். எஞ்சினுக்குப் பின்னால நெருப்பைத் திறந்துவிட்டு, வரிசையை விட்டுட்டுக் கிளம்பிட்டேன். அதான் விதி, விட்டுட்டுப் போயிரணும், அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.” இன்னொரு மிடறு குடித்தாள். “ஆனா ஒண்ணு. வேற நாளா இருந்தா ஒரு கணம் பாத்திருப்பேன். இத்தனை சனம் பாக்குது, வரிசை கலைஞ்சிரக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிட்டு நின்னிருப்பேன். இன்னைக்கு மனசு அப்படி லேசா இருந்துச்சு. கை தானா வேகப்பிடியைத் தள்ளிட்டு.”

“ஏன், இன்னைக்கு என்ன?”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க டம்ளரைக் கழுவிட்டீங்கள்லா.”

பகலவன் பிளாஸ்கை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

“கையுறையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். நீங்க முதுகைக் காட்டிட்டு நின்னு கழுவிட்டு இருந்தீங்க. தேய்ச்சுத் தேய்ச்சு. நான் சத்தம் காட்டாம எடுத்துட்டுப் போயிட்டேன்.” அவள் குரல் இறங்கிற்று. “இத்தனை வருசமா அந்த டம்ளருக்கு அகழி வெட்டிக் காவல் காத்த மனுசன் இன்னைக்குக் கழுவுதாருன்னா என்ன அர்த்தம்? போன்னு வாயால சொல்ல இவருக்கு வரல, இப்படிச் சொல்லுதாருன்னு வண்டியில போகும்போதே அழுதுட்டேன். அந்தப் பொண்ணு டிரைவர் பயந்துபோயி தண்ணி பாட்டிலை நீட்டுது.”

அவன் வாயைத் திறந்தான். இல்லை அம்மிணி, அது கை செய்த வேலை. நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன், நீ பார்த்தது ஒரு மறதி, என் பயத்துக்கு நீ வேறு பெயர் வைத்துக்கொண்டாய். வாக்கியம் முழுசாக, சுத்தமாக, நாக்கு நுனியில் இருந்தது. உண்மை அதுதான். அப்பா எப்போதும் உண்மையைத்தான் சொல்லச் சொன்னார். சொன்னால் அவள் சிரிப்பாள், அட, அவ்வளவுதானா என்பாள், சாயந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், சொல்லிக்காட்டவும் மாட்டாள். தெருவில் பத்தடி முன்னால் நின்று தன் நடையைச் சுருக்கிக்கொள்வாள், இன்னும் சுருக்கிக்கொள்வாள். அந்த மறதிதான் இன்றைக்கு அவளை மேலே தள்ளியிருக்கிறது. அவன் காவல் காத்த எந்த டம்ளரும் செய்யாததை, கழுவின டம்ளர் செய்திருக்கிறது. மேலே புகையின் கடைசிக் கோடும் கரைந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஓடுபாதை ஓரமாக டகோட்டாவை ஒரு டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு போயிற்று, அது அசைந்து அசைந்து, ஒரு அவசரமும் இல்லாமல் போயிற்று. அவனுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டான், மஞ்சள் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது.

“என்ன, பேச்சையே காணோம்? நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே, பழக்க தோஷம், மூடியின் அடியில் ஒரு வாயை மிச்சம் வைத்து அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் அதை வாங்கினான். இத்தனை வருஷத்தில் அந்தக் கடைசி வாயை அவன் ஒரு நாளும் ருசி பார்த்ததில்லை. தூக்கிக் குடித்தான். ஆறிப்போயிருந்தது, சுக்கு தூக்கல்தான், அடியில் கரையாத கருப்பட்டி நறநறவென்று பல்லில் பட்டது, இனிப்பு முழுவதும் அங்கேதான் இருந்தது.

“செரியாத்தான் புரிஞ்சிருக்கற” என்றான். “எப்பக் கெளம்போணும், அம்மிணி?”